இறுகுவது வேறு, எலும்பாவது வேறு

முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் குடும்பத்தார் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "உள்ளே சிமெண்ட் வைத்தாயிற்றே, இன்னும் ஏன் காலை ஊன்றக் கூடாது என்கிறீர்கள்?" கேட்பவர்மீது குற்றமில்லை. சிமெண்ட் என்னும் சொல்லைக் கொடுத்தவர்கள் நாங்கள்; அதன் பொருளை விளக்காமல் விட்டவர்களும் நாங்களே.

அடுத்த கட்டிலில் மூட்டு மாற்று சிகிச்சை பெற்றவர் மறுநாளே நடப்பதைப் பார்க்கும்போது இந்தக் குழப்பம் வளர்கிறது. அவருக்கு வைத்தது அக்ரிலிக் சிமெண்ட். அது ஒருவகைப் பிளாஸ்டிக். இறுகும்போது வெப்பத்தை வெளிவிட்டுச் சில நிமிடங்களிலேயே கெட்டிப்படும். செயற்கை மூட்டைப் பற்றிக்கொண்டிருப்பது அதன் வேலை. அது ஒருபோதும் எலும்பாக மாறாது.

நொறுங்கிய எலும்பின் உள்ளே உண்டான வெற்றிடத்தை நிரப்பப் பயன்படும் கால்சியம் பாஸ்பேட் சிமெண்ட் முற்றிலும் வேறானது. 1980களில் அமெரிக்காவில் பல் மருத்துவ ஆய்வில் ஈடுபட்டிருந்த பிரவுன், சௌ ஆகிய இருவரும் இதை உருவாக்கினர். மண்டையோட்டுக் குறைபாடுகளைச் சரிசெய்ய 1996இல் அந்நாட்டில் அனுமதி கிடைத்தது. அவர்களது கலவையில் இருவகைக் கால்சியம் பாஸ்பேட் தூள்கள் உண்டு. நீர் சேர்த்துக் குழைத்ததும் தூள் சிறிது சிறிதாகக் கரைகிறது. கரைந்த கால்சியமும் பாஸ்பேட்டும் மீண்டும் கூடி, ஹைட்ராக்சி அபடைட் என்னும் நுண்படிகங்களாகப் படிகின்றன. அந்தப் படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால்தான் குழைவு கல்லாகிறது. நம் எலும்பின் தாதுவும் இதே இனத்தைச் சேர்ந்ததே.

இது காய்ந்து இறுகுவதன்று. நீரோடு வினைபுரிந்து இறுகுவது. வீட்டுக்கு மேல்தளம் போட்டவர்கள் பாத்தி கட்டி நாள்கணக்கில் நீர் தேக்கியிருப்பார்கள். மேலே கால் வைக்கும் அளவுக்குத் தளம் முதல் நாளே கெட்டிப்பட்டாலும், முட்டுப் பலகையை அன்றே எவரும் பிரிப்பதில்லை. இதுவும் அப்படித்தான். அறுவை அரங்கிலேயே சில நிமிடங்களில் கையால் அழுத்தினால் குழியாத அளவுக்கு இறுகிவிடும். உள்வினையோ பல மணி நேரம் தொடரும். முதல் சில நிமிடங்களில் இரத்தம் பாய்ந்தால் கலவை கரைந்து கலைந்துவிடக்கூடும். அதனால்தான் மருத்துவர் அவ்விடத்தை உறிஞ்சித் துடைத்தபின் நிரப்புகிறார்.

முழுமையாக இறுகிய பின்னும் அதற்கு ஓர் எல்லை உண்டு. நேராக அழுத்தும் பாரத்தைத் தாங்கும். வளைத்தாலோ முறுக்கினாலோ ஓடுபோல் உடையும். ஆகவே காலில் எலும்பை நிலைநிறுத்திப் பாரத்தைப் பெரிதும் ஏற்பவை தகடும் திருகுகளும். சிமெண்ட் உள்ளிடத்தை நிரப்பி, மூட்டின் மேற்பரப்பு அமிழ்ந்துவிடாமல் துணைநிற்கிறது. பின்னர் உடலின் உயிரணுக்கள் அதை மெல்ல அரித்து, அவ்விடத்தில் புதிய எலும்பை வளர்க்கின்றன. பிரஷைட் என்னும் வகை விரைவில் கரையும். அபடைட் வகை ஆண்டுக்கணக்கில் தங்கும். இறுகுவதற்கு மணிக்கணக்கு; எலும்பாவதற்கு மாதங்களும் ஆண்டுகளும்.

இவ்வளவும் நோயாளிக்கு எதற்கு, வீணாக அஞ்சுவாரே என்று எங்களுள் சிலர் எண்ணுவதுண்டு. அந்த எண்ணத்தை நாங்கள் ஏற்கவில்லை. காரணம் அறியாதவருக்குக் "காலை ஊன்றாதே" என்பது வெறும் கட்டளை. வலி குறைந்த நாளில் அதை மீறத் தோன்றும். அவ்வாறு மீறினால் சீர்செய்த மூட்டு அமிழ்ந்து, மீண்டும் அறுவை செய்ய நேரிடலாம். காரணம் அறிந்தவரோ, எவரும் பார்க்காத இடத்திலும் ஊன்றுகோலைக் கைவிடமாட்டார்.

எனவே, எந்தச் சிமெண்ட் வைக்கப்பட்டது, எதற்காக, எந்த நாள்முதல் எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்னும் மூன்றையும் வீட்டுக்கு அனுப்பும் குறிப்பில் தமிழில் எழுதித் தருவது மருத்துவமனையின் கடமை என்பது எங்கள் கருத்து. அது இல்லாத குறிப்பு உங்கள் கைக்கு வந்தால், தயங்காமல் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. சொல்வது எங்கள் பொறுப்பு.