தலைவரும் பொடியனும் ஒரே உயரமா?

2010-ல் வந்த 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்: வார் ஃபார் சைபர்ட்ரான்' ஆடியவர்களுக்குத் தெரியும், ஆப்டிமஸ் பிரைம் பக்கத்தில் பம்பிள்பீ வெறும் பொடியன். அதே வருடம் ஹாஸ்ப்ரோ விட்ட பொம்மைகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். கிட்டத்தட்ட ஒரே உயரம்!

"உருமாறும் பொம்மை செய்வது லேசா? குறை சொல்லாதே" என்கிறான் நண்பன். லேசில்லைதான். திரையில் ஒரு தகடு இன்னொன்றுக்குள் புகுந்து மறைந்துவிடும், பிளாஸ்டிக் மறையுமா? ரோபோவின் முதுகில் வண்டியின் பாகம் துருத்திக்கொண்டு நின்றால் மன்னித்துவிடுவேன். ஒவ்வொரு கீலும் எவனோ ராத்திரியெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்ட உழைப்பு.

உயரம் அப்படியில்லை. அது விலைப்பட்டியல் செய்த வேலை. இருவரையும் 'டீலக்ஸ்' என்ற ஒரே விலை வகுப்பில் அடைத்துவிட்டார்கள். அந்த வகுப்புக்கு இவ்வளவுதான் பிளாஸ்டிக், 5 முதல் 6 அங்குலம். மெகாட்ரானுக்கும் அதே கதி. காமர்ஸ் படிக்கிற எனக்கே இது உறுத்துகிறது, அடக்கவிலைக்கு அளவெடுத்தா தலைவனை வெட்டுவது?

"பெரிதாகச் செய்தால் விலை ஏறுமே, யார் வாங்குவார்?" என்பீர்கள். 2023-ல் 'கேமர் எடிஷன்' என்று அதே ஆப்டிமஸை ஒரு படி பெரிய 'வாயேஜர்' வகுப்பில் விட்டார்களே! பம்பிள்பீ மட்டும் டீலக்ஸிலேயே. ஆக, முடியாமல் இல்லை. 13 வருடம் கழித்து, முதலில் ஏமாந்தவனிடமே மறுபடி காசு கேட்கிறார்கள் :-)