தாண்டிப் போகும் வீடு

மார்கழிப் பனியில், கிறிஸ்து பிறப்புப் பாடல்களைப் பாடியபடி நம் பங்கின் இளைஞர்கள் வீடு வீடாகச் செல்கிறார்கள். அவர்களோடு நாமும் செல்கிறோம். டோலக் முழங்குகிறது. பஞ்சுத் தாடி கட்டிய கிறிஸ்துமஸ் தாத்தா ஆடிக்கொண்டே குழந்தைகளுக்கு மிட்டாய் வழங்குகிறார். நட்சத்திர விளக்குத் தொங்காத ஒரு வீட்டை நெருங்கியதும் முன்னே செல்பவர் கையை உயர்த்துகிறார். டோலக் ஓய்கிறது. "இந்த வருஷம் அங்கே துக்கம், தாண்டிப் போவோம்" என்ற சொல் வரிசையின் கடைசிவரை காதோடு காதாகப் பரவுகிறது. பத்து வீடு கடந்ததும் பாட்டு மீண்டும் தொடங்குகிறது.

இச்செயலுக்கு நாம் சூட்டியிருக்கும் பெயர் மரியாதை. இது மரியாதையன்று, நாகரிகமான கைவிடுதல் என்பதே நம் வாதம். வீட்டுக்குள் இருப்பவள் அந்த டோலக் ஓசை தெருமுனையிலிருந்து வளர்ந்து வருவதையும், தன் வாசலில் செத்துப்போவதையும், அப்பால் உயிர்பெறுவதையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஊர் மகிழ்கிறது, அந்த மகிழ்ச்சியில் உனக்குப் பங்கில்லை என்று அவளுக்கு அறிவிக்க இதைவிட உரத்த பறை வேண்டுமோ?

நம் முன்னோர் இவ்வளவு கல்நெஞ்சர் அல்லர். துக்க வீட்டில் ஓராண்டுக்கு எண்ணெய்ச் சட்டி ஏறாது என்று விதித்தவர்கள், அவ்வீட்டுக்குப் பண்டிகைப் பலகாரம் அயல்வீடுகளிலிருந்து வரவேண்டும் என்றும் வழக்கம் வகுத்தார்கள். பலகாரத்தைக் கொண்டுவருபவர் திண்ணையில் அமர்வார், அமர்ந்தவர் பேசுவார், பேச்சினிடையே எங்கேனும் ஒரு சிரிப்பு முளைக்கும். அவ்வழக்கத்தின் உயிர் அந்தத் திண்ணைப் பேச்சில் இருந்தது. இன்று நாம் செய்வது என்ன? முறுக்கையும் அதிரசத்தையும் ஒரு தூக்குவாளியில் இட்டு, சிறுபிள்ளையின் கையில் கொடுத்து, "வாசலில் கொடுத்துவிட்டு ஓடி வா" என்கிறோம். பலகாரம் போகிறது, ஆள் போவதில்லை.

மதுரைக்கு வடகிழக்கே, மேலூருக்கு அருகில் உள்ள திருவாதவூரை மாணிக்கவாசகர் பிறந்த ஊராக நாடறியும். சங்கப் புலவர் கபிலர் பிறந்த ஊரும் அதுவே என்பது மரபு. துயரத்துக்கும் நகைக்கும் நட்புக்கும் உள்ள உறவைக் கற்க நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. வாதவூர்க்காரராகிய கபிலரிடம் கற்கலாம்.

பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டபோது கபிலர் அவர்களை நோக்கிப் பாடியவை புறநானூற்றில் 109, 110ஆம் பாட்டுகளாக உள்ளன. படை கொண்டு இம்மலையைப் பெற இயலாது; யாழோடும் ஆடல் மகளிரோடும் பாடிக்கொண்டு வந்தால் பாரி நாட்டையும் மலையையும் சேர்த்தே தந்துவிடுவான் என்று அவர்களுக்கு வழி சொல்லிக் கொடுக்கிறார். முந்நூறு ஊர்களும் முன்பே பரிசிலர் கைக்குப் போய்விட்டன. மிஞ்சியிருப்பது நாங்களும் பாரியுமே என்றும் எள்ளுகிறார். மலையைச் சுற்றிலும் படை. மலைமேல் நண்பனின் கேலி! ஆபத்து வந்தால் நகைச்சுவை வாய்மூட வேண்டும் என்ற இலக்கணம் அந்த நட்புக்குத் தெரியவில்லை.

பாரி மடிந்தான். அவன் மகளிர் பாடியதாக உள்ள 112ஆம் பாட்டு, முழுநிலவு மீண்டும் வந்த இரவில், முந்தைய நிலவின்போது தம்மோடிருந்த தந்தை இன்று இல்லையே என்று ஏங்குகிறது. பண்டிகைத் துயரத்தின் முழு வடிவமும் அதில் இருக்கிறது. நாள் திரும்பி வருகிறது. ஆள் திரும்பி வருவதில்லை. அம்மகளிரைக் கபிலர் என் செய்தார்? துக்கத்தில் இருக்கிறார்கள், தொந்தரவு செய்யலாகாது என்று ஒதுங்கினாரா? அவர்களுக்கு மணம் முடிக்க விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அவர்களைத் தாமே அழைத்துச் சென்றார். இருவரும் மறுத்தனர். ஆயினும் அவர் அவர்களோடு நடந்தார். நட்பு என்பது உடன் நடத்தல் என்பதற்கு இதனினும் சான்று எது?

பின்னர்க் கபிலர் பெண்ணையாற்றங்கரையில் தாமே உயிர் நீத்தார் என்பர். அதனை நட்பின் சிகரம் என்று போற்றுவோர் உண்டு. நமக்கோ அதைப் போற்ற மனமில்லை. அன்று அவரருகே ஒருவர் அமர்ந்து, பறம்பின் பழங்கதை ஒன்றைச் சொல்லி அவரை ஒருமுறை சிரிக்க வைத்திருக்கக்கூடாதா என்றே நம் நெஞ்சம் கேட்கிறது. தேற்றியவரைத் தேற்றுவது யார் என்ற வினா அந்த ஆற்றங்கரையோடு முடிந்துவிடவில்லை.

"துக்க வீட்டில் சிரிப்பா?" என்று முகம் சுளிப்போர்க்கு நாம் சொல்வது இது: தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டையும் வரிசைப்படுத்துகையில் முதலில் நகையையும் அதனை அடுத்தே அழுகையையும் வைத்தார். இரண்டும் பக்கத்து வீடுகள். துன்பம் வரும்போது நகுக என்று வள்ளுவர் இடுக்கணழியாமை அதிகாரத்தை எடுத்த எடுப்பிலேயே பணித்தார். பிறரோடு கூடி மகிழ மாட்டாதவர்க்குப் பட்டப்பகலும் இருளே என்றும் அவரே உரைத்தார். நட்பு சிரித்துப் பேசுவதற்கு அன்று, நெறி தவறும்போது இடித்துரைப்பதற்கே என்றும் அவர் சொல்லவில்லையா என்பீர்கள். சொன்னார். அந்த இடித்துரையைத்தான் இப்போது நாம் நமக்கே செய்துகொண்டிருக்கிறோம்!

மதுரைச் சீமையின் ஊர்வழக்கும் நம் பக்கமே நிற்கிறது. நிறைவாழ்வு வாழ்ந்தவரின் சாவைக் கல்யாணச் சாவு என்கிறோம். அங்கே ஒப்பாரியும் உண்டு, மாமன் மைத்துனர் முறைகாரரின் கேலியும் உண்டு. அழுபவரைச் சீண்டிச் சிரிக்க வைக்கும் உரிமையை உறவுமுறையாகவே வகுத்துத் தந்த சமூகம் இது. சாவன்று பொறுத்துக்கொண்ட சிரிப்பைப் பண்டிகையன்று மட்டும் குற்றமாக்குவது என்ன நியாயம்?

மறைநூலும் நமக்கு எதிராகச் சான்று சொல்லாது. யோபின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் அமர்ந்திருந்தவரை நண்பர்களாக இருந்தார்கள். விளக்கம் சொல்ல வாய் திறந்தபோதே அவருக்குச் சுமையானார்கள். இலாசரின் சாவுக்கு இயேசு செய்தி சொல்லி அனுப்பவில்லை. பெத்தானியாவுக்குச் சென்றார், கண்ணீர் விட்டார். மதுரை மறைப்பணித்தளத்தில் உழைத்த வீரமாமுனிவர் தேம்பாவணியைப் பாடிய அதே கையால்தான் பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார். ஐந்து மூடச் சீடர்களின் அந்தக் கதை குருவின் சாவில் முடிகிறது. ஆயினும் படிப்பவர் வயிறு குலுங்கச் சிரிக்கிறார். நகைப்பு பக்திக்குப் பகை என்று அந்தத் துறவி கருதவில்லை.

ஆய்வாளரும் இதையே கண்டனர். அமெரிக்க உளவியலாளர்களான டாக்கர் கெல்ட்னரும் ஜார்ஜ் பொனானோவும் 1997இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வாழ்க்கைத் துணையை இழந்து ஏறத்தாழ ஆறு மாதம் ஆனவர்களை மறைந்தவரைப் பற்றிப் பேசச் செய்து கவனித்தார்கள். அப்பேச்சினிடையே மனமாரச் சிரித்தவர்களிடம் சினமும் வேதனையும் குறைந்திருந்தன. பிறரோடு அவர்களுக்கிருந்த உறவும் நன்றாக இருந்தது.

ஆனால் இந்த ஆறு மாதக் கணக்கு நம் ஊர்ப் பெண்ணுக்கு வேறுவிதமாக அன்றோ போடப்படுகிறது! மனைவியை இழந்தவன் தேநீர்க்கடைப் பெஞ்சில் நண்பர்களோடு சிரித்தால், "பாவம், மனசைத் தேற்றிக்கொள்கிறான்" என்கிறோம். கணவனை இழந்தவள் வாசலில் நின்று சிரித்தால், "ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் சிரிப்பைப் பார்" என்கிறோம். பூவையும் பொட்டையும் பறித்த கை, சிரிப்பையும் பறிக்கிறது. கிறிஸ்தவர்களாகிய நாம் இதற்கு விலக்கு என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா?

ஒருமுறை நாம் தாண்டிப் போகாமல் அப்படியொரு வீட்டுக்குள் நுழைந்தோம். என்ன பேசுவதென்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தபோது, மறைந்தவரின் பழைய நண்பர் ஒருவர் வாய் திறந்தார். பங்கு நாடகத்தில் இடையன் வேடமிட்ட மறைந்தவர், வானதூதர் நற்செய்தி அறிவிக்க வந்தபோது உண்மையாகவே உறங்கிப்போனாராம். தூதர் இறக்கையைக் கழற்றி அதனால் தட்டி எழுப்ப வேண்டியதாயிற்றாம். அந்த அம்மையார் சிரித்தார், சிரித்தபடியே அழுதார், அழுது முடித்து, "எல்லாருக்கும் காப்பி போடுகிறேன், இருங்கள்" என்று எழுந்தார். துக்கம் அந்த வீட்டைவிட்டுப் போய்விடவில்லை. ஆனால் அன்றிரவு அது தனியாக இல்லை.

நாம் கேட்பது போலிக் கும்மாளம் அன்று. "கிறிஸ்துமஸ் அன்று அழலாமா, கண்ணைத் துடையுங்கள்" என்று அதட்டும் உற்சாகமும் தாண்டிப் போவதைப் போன்ற கொடுமையே. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் உறவுகளை இழந்த நாகைக் கரையினர்க்குப் பிறப்பு விழாவின் மறுநாள் நினைவு நாளாக வருகிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் மீனவரை இழந்த கன்னியாகுமரிக் கடலோர ஊர்களுக்கு நான்கு வாரத்துக்குள் அவ்விழா வந்தது. அவர்களிடம் சென்று மகிழுங்கள் என்று கட்டளையிட யாருக்கு உரிமை உண்டு? அருகில் அமர மட்டுமே நமக்கு உரிமை. 1986இல் சென்னையில் தொடங்கப்பட்ட தற்கொலைத் தடுப்பு அமைப்பு தனக்கு இட்டுக்கொண்ட பெயர் சிநேகா. நட்பைக் குறிக்கும் அப்பெயரைத் தாங்கி, அதன் தொண்டர்கள் துயருற்றோர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிறார்கள். முன்பின் அறியாதவர்கள் செய்வதை அடுத்த வீட்டார் நாம் செய்யலாகாதா?

ஆகவே இந்த ஆண்டு பாடற்குழுவின் வரிசையில் முதல் வீடாகத் துக்க வீட்டை எழுதுங்கள். முன்னதாகவே சென்று அவர்கள் விருப்பத்தைக் கேளுங்கள். டோலக் வேண்டாம் என்றால் டோலக்கை வாசலில் வைத்துவிட்டு உள்ளே செல்லுங்கள். பாட்டே வேண்டாம் என்றால் பாடாமல் அமருங்கள். மறைந்தவரின் பெயரை அஞ்சாமல் சொல்லுங்கள்; அவர் செய்த குறும்பு ஒன்று நினைவிருந்தால் அதையும் சொல்லுங்கள். தூக்குவாளியை நீங்களே எடுத்துச் செல்லுங்கள். அது காலியாகும்வரை எழுந்திராதீர்கள்.

பெத்லகேமிலும் ஒரு குடும்பத்துக்கு விடுதியில் இடம் கிடைக்கவில்லை. அன்று இரவோடு இரவாக அவர்களைத் தேடி உள்ளே வந்தவர்கள் கிடைக்குக் காவலிருந்த இடையர்கள். ஆண்டுதோறும் குடிலில் அவர்களுக்கு இடம் தருகிறோம். தாண்டிப் போனவர்களுக்கு எந்தக் குடிலிலும் சிலை இல்லை.