கதவைச் சாத்தினால் கண் தப்பிவிடுமா?

சூரிய கிரகணம் என்றாலே நம் வீடுகளில் பெண்களுக்குத்தான் முதலில் வேலை. தண்ணீர்க் குடத்திலும் ஊறுகாய் ஜாடியிலும் தர்ப்பை போட வேண்டும். பிடிப்பதற்கு முன்பே சமைத்துச் சாப்பிட்டு முடிக்க வேண்டும். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் இருந்தால் அறையை விட்டு வெளியே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விட்டதும் வீட்டைக் கழுவித் தலைக்குக் குளிக்க வேண்டும். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்திப் பார்க்கிறவர்களும் உண்டு. இதெல்லாம் அவரவர் நம்பிக்கை. அதைக் குறை சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

ஆனால் இத்தனையையும் கவனமாகச் செய்கிற நாம், பிள்ளைகளின் கண் விஷயத்தை மட்டும் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். "வெளியே போகாதே, ஜன்னலைச் சாத்து!" அவ்வளவுதான். இது போதுமா சகோதரிகளே? போதாது என்பதே என் கருத்து. எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்காமல், பார்க்காதே என்று மட்டும் சொன்னால் பிள்ளை ஒளிந்துகொண்டு பார்க்கும். ஒளிந்து பார்க்கிற பிள்ளைக்குத்தான் ஆபத்து அதிகம்.

2019 டிசம்பர் 26-ம் தேதி வந்த கிரகணம் பலருக்கு நினைவிருக்கும். ஊட்டி, கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை வழியாக வளையக் கிரகணம் போனது. காலை எட்டு மணிக்கு மேல் பிடித்து, ஒன்பதரை வாக்கில் வளையமாகி, பதினொரு மணிக்கு மேல் விட்டது. அது அரையாண்டு விடுமுறை நேரம். எங்கள் தெருவில் பெரியவர்கள் எல்லாரும் உள்ளே, கதவு சாத்தியிருக்கிறது. பையன்கள் எங்கே? மொட்டை மாடியில்! தாத்தாவின் பழைய எக்ஸ்ரே படத்தை நாலாக வெட்டி, ஆளுக்கொரு துண்டாகக் கண்ணில் வைத்துக்கொண்டு நின்றார்கள். கீழே அம்மாக்களுக்கு, பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்கள் என்று நிம்மதி. இதை என்னவென்று சொல்வது?

கிரகணத்தன்று சூரியனிலிருந்து ஏதோ விஷக்கதிர் வருகிறது என்று நாம் சொல்லி வளர்க்கிறோம். அப்படி ஒன்றும் இல்லை. தினமும் வருகிற அதே வெயில்தான். மற்ற நாளில் சூரியனை நிமிர்ந்து பார்த்தால் கண் கூசும், தானாகத் தலையைத் திருப்பிக்கொள்வோம். கிரகணத்தன்று சந்திரன் பாதியை மறைத்து வெளிச்சம் மங்கியதும் அந்தக் கூச்சம் குறைகிறது. அதனால் உற்றுப் பார்க்கத் துணிகிறோம். ஆனால் மறையாமல் மீதி இருக்கிற கீற்று அதே சூரியன்தானே? அடுப்பை சிம்மில் வைத்தால் தீ சின்னதாகத் தெரியும். அதற்காகக் கையை வைத்தால் சுடாமல் விடுமா?

கையைச் சுட்டாலாவது வலிக்கும், உடனே எடுத்துவிடுவோம். கண்ணுக்குள் இருக்கிற விழித்திரைக்கு வலி தெரியாது. கண்ணில் உள்ள லென்ஸ் சூரிய வெளிச்சத்தை அந்தத் திரையின் நடுவில் குவித்துவிடுகிறது. ஊசியில் நூல் கோக்கவும், எழுத்துக் கூட்டிப் படிக்கவும், எதிரே வருபவர் முகத்தை அடையாளம் காணவும் வேண்டிய கூர்மையான பார்வை அந்த நடு இடத்தில்தான் இருக்கிறது. குழந்தைகளின் லென்ஸ் பெரியவர்களுடையதைவிடத் தெளிவானது. அதனால் அவர்களுக்கு வெளிச்சம் இன்னும் அதிகமாக உள்ளே போகும். பாதிப்பு அப்போதே தெரியாது. சில மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் நடுவில் மங்கலாக ஒரு புள்ளி தெரியும். ஜன்னல் கம்பி வளைந்த மாதிரி இருக்கும். சிலருக்குச் சில மாதங்களில் சரியாகலாம், சிலருக்கு ஆயுசு முழுக்க நின்றுவிடும். இதைக் குணப்படுத்த நிச்சயமான மருந்து கிடையாது. தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது என்று கைவைத்தியம் பார்க்காமல் உடனே கண் டாக்டரிடம் போவதுதான் நல்லது.

இனி, "இதை வைத்துப் பார்க்கலாம்" என்று நம் வீடுகளில் எடுத்து வருகிற சாமான்களைப் பார்ப்போம். எக்ஸ்ரே படம், போட்டோ நெகட்டிவ், கரி பிடித்த கண்ணாடி, கூலிங் கிளாஸ், சி.டி. தட்டு - எதுவும் ஆகாது. வெளிச்சம் குறைந்த மாதிரி தெரிந்தாலும், கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் இவற்றின் வழியாக உள்ளே போகும். நம் பாட்டிமார் காலத்திலிருந்து இன்னொரு வழக்கம் உண்டு. சாணியோ மஞ்சளோ கரைத்த தண்ணீரைத் தாம்பாளத்தில் வைத்து அதில் தெரிகிற சூரியனைப் பார்ப்பது. அவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். தரமான கிரகணக் கண்ணாடி, லட்சம் பங்கு வெளிச்சத்தில் சுமார் மூன்று பங்குக்கு மேல் உள்ளே விடாது. தண்ணீரோ, சூரியன் உச்சியில் இருக்கும்போதே நூற்றுக்கு இரண்டு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. அதாவது லட்சத்தில் இரண்டாயிரம்! சூரியன் சாய்ந்திருந்தால் இன்னும் அதிகம். மூன்று எங்கே, இரண்டாயிரம் எங்கே?

நேராகப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கென்றே செய்த கிரகணக் கண்ணாடிதான் சரி. அதில் ஐ.எஸ்.ஓ. 12312-2 என்ற தர எண் இருக்க வேண்டும். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகள் கிரகண சமயத்தில் இப்படிப்பட்ட கண்ணாடிகளைக் கொடுத்துக் கூட்டமாகப் பார்க்க வைத்திருக்கிறார்கள். வாங்கியதும் வீட்டுக்குள்ளேயே போட்டுப் பாருங்கள். சுவரும் நாற்காலியும் தெரிந்தால் அது உதவாது. கீறலோ ஓட்டையோ விழுந்திருந்தால் குப்பையில் போடுங்கள். முதலில் தலையைக் குனிந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பிறகு நிமிர்ந்து சூரியனைப் பார்க்க வேண்டும். எடுக்கும்போதும் குனிந்துதான் எடுக்க வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு பைனாகுலரிலோ கேமராவிலோ மட்டும் பார்க்கவே கூடாது.

கண்ணாடி கிடைக்காவிட்டால் என்ன? நம் சமையலறையே போதும் தோழிகளே! எண்ணெய் வடிக்கிற ஜல்லிக் கரண்டியையோ இடியாப்பத் தட்டையோ எடுத்துக்கொள்ளுங்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, தரையில் ஒரு வெள்ளைத் தாளைப் போட்டு, மூன்று நான்கு அடி உயரத்தில் பிடித்து அதன் நிழலை விழவையுங்கள். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு குட்டிச் சூரியன் பிறை வடிவில் தரையில் விழும். வேப்ப மரத்தடியில் இலை இடுக்கு வழியாக விழுகிற வெளிச்சப் பொட்டுகள்கூட அன்றைக்குப் பிறைபிறையாக இருக்கும். பழைய கல்யாணப் பத்திரிகையில் ஊசியால் ஓட்டை போட்டும் இப்படிப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் பிள்ளைகளிடம் திருப்பித் திருப்பிச் சொல்லுங்கள்: ஓட்டை வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது, தாளில் விழுகிற பிம்பத்தைத்தான் பார்க்க வேண்டும்.

வெளியே வர விருப்பமில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. சின்னக் கைக்கண்ணாடியின் மேல் காகிதத்தை ஒட்டி, நடுவில் மிளகளவு ஓட்டை விடுங்கள். அதை வாசலில் வெயில் படும்படி வைத்து, வெளிச்சத்தை உள்ளே இருட்டாக இருக்கும் சுவரில் விழவையுங்கள். பத்தடி தூரத்துக்குச் சுமார் ஓர் அங்குலம் என்ற கணக்கில் சூரியன் சுவரில் தெரியும். இருபதடி என்றால் இரண்டு அங்குலம். கண்ணாடிக்குள் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது, யார் முகத்திலும் அந்த வெளிச்சத்தை அடிக்கவும் கூடாது. 2019-ல் எங்கள் வீட்டில் இப்படித்தான் செய்தோம். வாசல்படி தாண்ட மாட்டேன் என்று கூடத்தில் உட்கார்ந்திருந்த என் மாமியார், சுவரைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, வளையல் மாதிரில்ல இருக்கு!" என்றார். அவர் பழக்கமும் கெடவில்லை, பார்க்கிற சந்தோஷமும் போகவில்லை. சூரியனே வீட்டுக்குள் வந்துவிட்டான், அப்புறம் பிள்ளைகள் எதற்கு மாடிக்கு ஓடப் போகிறார்கள்?

இன்னொன்றையும் யோசியுங்கள். 2027 ஆகஸ்ட் 2-ம் தேதி ஒரு சூரிய கிரகணம். எகிப்து பக்கம் முழுக் கிரகணம், நமக்குப் பகுதிதான். ஆனால் அது திங்கட்கிழமை. நம் ஊரில் பிடிப்பது மாலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற வேளையை ஒட்டி. அந்த நேரத்தில் எந்தக் கதவைச் சாத்துவது? ரோட்டில் நடந்து வருகிற பிள்ளைக்கு, அம்மா சொல்லிக்கொடுத்த புத்தி ஒன்றுதான் துணை. சூரியன் இறங்கிவிட்டான், கூசவில்லையே என்று பார்ப்பதும் தப்பு. அடுத்து 2031 மே 21-ம் தேதி கேரளம், தென் தமிழ்நாடு வழியாக மறுபடி வளையக் கிரகணம். வளையக் கிரகணத்தில் சூரியன் முழுசாக மறைவதே இல்லை. வளையமாகத் தெரிகிற அந்தச் சில நிமிடங்களிலும் கண்ணாடியைக் கழற்றக் கூடாது.

ஆகவே சகோதரிகளே, தர்ப்பை போடுகிறவர்கள் போடுங்கள், குளிக்கிறவர்கள் குளியுங்கள். அதோடு பிள்ளைகளை உட்கார வைத்து இதையும் ஒரு பத்து நிமிடம் சொல்லிக்கொடுங்கள். பரணில் இருக்கிற எக்ஸ்ரே படத்தை எடுத்து ஒளித்து வையுங்கள். கிரகணம் முடிந்த மறுநாள், பிள்ளையின் ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணாக மூடச் சொல்லி காலண்டர் எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். மங்கல் என்று சொன்னால் திட்டாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். திட்டுக்குப் பயந்து மறைக்கிற பிள்ளைக்குத்தான் நஷ்டம் அதிகம்.

கிரகணம் ஒரு சில மணி நேரத்தில் விட்டுவிடும். கண்ணில் விழுகிற கிரகணம் விடாது. என்ன தோழிகளே, நான் சொல்வது சரிதானே?

- ஓர் இல்லத்தரசி, திண்டுக்கல்