கட்டம் போடுவது யார்?

‘கம்ப்யூட்டருக்கு ஏது சார் சாதி?’ என்று கேட்டார் நண்பர். பத்திரிகை நிறுவனங்களுக்கு டேட்டாபேஸ் வடிவமைத்துக் கொடுப்பது அவர் வேலை. பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டு கேட்டார். கெட்ட மனுஷன் இல்லை, முற்போக்காகப் பேசுகிறவர்தான். கெட்டவனுக்குப் பதில் சொல்வது சுலபம். ‘நடுநிலை’ பேசுகிற நல்லவருக்குப் பதில் சொல்லத்தான் இத்தனை பக்கம் தேவைப்படுகிறது.

நான் வங்கியில் கிளார்க். கட்டங்களுக்கு நடுவே பிழைப்பு. எந்தக் கட்டம் போட்டிருக்கிறதோ அதில்தான் பதிவு விழும். கட்டம் இல்லாதது கணக்கில் வராது. கணக்கில் வராததைப் பற்றிக் கேள்வி கேட்டால், ‘அப்படி எதுவும் இல்லையே’ என்று திரை சொல்லும். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் திரையை நம்புவார், எதிரில் நிற்கிற மனுஷனை நம்ப மாட்டார். இது எனக்குத் தினமும் தெரிகிற உண்மை.

முதலில் தொழிலைப் புரிந்துகொள்வோம் தோழர்களே. தெரியாமல் திட்டுவது நமக்கு வேண்டாம்.

1970 ஜூனில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்த எட்கர் காட் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்கு முன் ஒரு தகவலைத் தேட வேண்டுமென்றால், அது எந்தக் கிளைக்குக் கீழே எந்த வரிசையில் கிடக்கிறது என்று நிரல் எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். காட் சொன்னார்: எல்லாவற்றையும் அட்டவணைகளாக வை, ஒவ்வொரு வரிக்கும் ஒரு அடையாள எண் கொடு, ஒரு அட்டவணையை இன்னொன்றோடு அந்த எண்ணால் இணை. எங்கே கிடக்கிறது என்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளட்டும், மனிதன் கேள்வியை மட்டும் கேட்கட்டும். இதுதான் ரிலேஷனல் டேட்டாபேஸ்.

ஒரு நாளிதழுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். சந்தாதாரர் ஒரு அட்டவணை. அவர் கட்டிய சந்தா இன்னொன்று. ஏனென்றால் ஒரே ஆள் பத்து வருஷம் பத்து முறை கட்டுவார். முகவரி தனி, வீடு மாறுவார். வீடு மாறாமலேயே முகவரி மாறுவதும் உண்டு. எங்கள் பீர்க்கன்கரணை பேரூராட்சியாக இருந்தது, 2021-ல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்தது. பழைய வரியை அழித்துப் புதியதை எழுதினால் 2020-ல் இதழ் எங்கே போனது என்ற சரித்திரமே அழிந்துவிடும். அதனால் தேதியோடு எழுத வேண்டும். விளம்பரமும் இப்படித்தான். ஒரு ஆர்டர், ஆனால் மூன்று பதிப்பு, ஐந்து தேதி. நடுவில் ஒரு இணைப்பு அட்டவணை போடாவிட்டால் பில் குளறுபடியாகும். முகவருக்கு அனுப்பிய பிரதி, விற்காமல் திரும்பிய பிரதி, வசூல், பாக்கி எல்லாம் தனித்தனி. ஒரு உண்மையை ஒரே ஒரு இடத்தில் எழுது என்பதுதான் சூத்திரம். அழகான சூத்திரம். எனக்கும் பிடிக்கும்.

சரி. இப்போது நண்பரிடம் கேட்கிறேன். எந்த உண்மையை எழுதுவது, எதை எழுதாமல் விடுவது என்று முடிவு செய்தது யார்? காட்டா? கம்ப்யூட்டரா?

விடிகாலையில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் கட்டுப் பிரித்து, இணைப்புகளைச் சொருகி, மழையில் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மூணு மாடி ஏறிப் பேப்பர் போடுகிற பையன் எந்த அட்டவணையில் இருக்கிறான்? வழக்கமாகச் சங்கிலி முகவரோடு முடிந்துவிடும். முகவருக்கு எண் உண்டு, டெபாசிட் உண்டு, பாக்கி உண்டு. அவருக்குக் கீழே இருக்கிற பையனுக்கு எண் இல்லை. எண் இல்லாதவன் வண்டியில் அடிபட்டால் அது எந்த நிறுவனத்துக்கும் இழப்பாகாது. ‘எங்கள் ஊழியர் இல்லை’ என்று சொல்ல வக்கீல் வேண்டாம், டேட்டாபேஸே போதும்.

அடுத்து மணமகள் தேவை பக்கத்துக்கு வாருங்கள். அங்கே சாதிக்குக் கட்டம் இருக்கிறதா இல்லையா? தலைப்பு வாரியாக, உட்பிரிவு வாரியாக, நட்சத்திரம் வரைக்கும் பிரித்து வைக்கிறார்களே, அது என்ன? ‘சாதி தடையில்லை’ என்று போட்டுவிட்டு அடைப்புக்குள் ‘எஸ்.சி./எஸ்.டி. நீங்கலாக’ என்று வருகிற வரிக்கும் சென்டிமீட்டர் கணக்கில் காசு வாங்கியிருக்கிறார்களே? கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாதாம். விளம்பரப் பிரிவில் மட்டும் அது பஞ்சாங்கமே படித்திருக்கிறது!

இப்போது செய்தியாளர் அட்டவணையைத் திறங்கள். பெயர், பதவி, சம்பளம், சேர்ந்த தேதி. சாதிக்கட்டம்? ‘சேச்சே, நாங்கள் அதெல்லாம் பார்ப்பதில்லை.’ காசு வருகிற இடத்தில் கட்டம் இருக்கிறது, கணக்குக் கேட்கிற இடத்தில் இல்லை. இதற்குப் பெயர் நடுநிலையா?

அவர்கள் எண்ணாததை வெளியே இருப்பவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். 1996-ல் பி.என். உனியால் என்ற பத்திரிகையாளர், டெல்லியில் அரசு அங்கீகாரம் பெற்ற செய்தியாளர்களில் ஒரு தலித்தைத் தேடினார். ஒருவர்கூடக் கிடைக்கவில்லை என்று எழுதினார். 2006-ல் டெல்லியில் 37 ஊடக நிறுவனங்களின் 315 மூத்த பொறுப்பாளர்களை ஆய்வு செய்தார்கள். ஒரு தலித் இல்லை, ஒரு பழங்குடி இல்லை. 2019-ல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் 121 தலைமைப் பொறுப்புகளைக் கணக்கெடுத்தன. 106 பேர் மேல்சாதியினர். தலித், பழங்குடி பூஜ்யம். இருபத்துமூன்று வருஷம் மூன்று முறை எண்ணி மூன்று முறையும் அதே பூஜ்யம்.

டேட்டாபேஸில் ‘நல்’ என்று ஒன்று உண்டு. தமிழில் நல் என்றால் நல்லது. இங்கே அது இன்மை. பூஜ்யம் வேறு, நல் வேறு. பூஜ்யம் என்பது எண்ணிப் பார்த்துக் கிடைத்த விடை. நல் என்பது அங்கே ஒன்றுமே எழுதவில்லை என்பதன் அடையாளம். காட் பின்னாளில், 1990-ல் வந்த நூலில், இந்த விடுபடலை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, பொருந்தும் ஆனால் தெரியவில்லை. மற்றது, பொருந்தவே பொருந்தாது. நம் பத்திரிகை முதலாளிகள் செய்கிற தந்திரம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. ஆசிரியர் குழுவின் சாதி ‘தெரியவில்லை’ என்று சொன்னால், ‘அப்போது கேட்டுத் தெரிந்துகொள்’ என்போம். ஆகவே ‘பொருந்தாது’ என்கிறார்கள். கட்டத்தையே தூக்கிவிட்டால் காலியாக இருப்பதும் தெரியாதல்லவா?

நான் வேலை செய்கிற துறையில் ரோஸ்டர் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. எந்த இடம் யாருக்கு ஒதுக்கியது, யார் வந்து உட்கார்ந்தார், எது நிரம்பாமல் கிடக்கிறது என்று வரி வரியாகச் சொல்லும். அதுவும் ஒரு அட்டவணைதான். அந்த அட்டவணையின் ஒரு வரியில்தான் நான் வேலைக்கு வந்தேன். சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. கட்டம் இருந்ததால் பாக்கி தெரிந்தது, பாக்கி தெரிந்ததால் கேட்க முடிந்தது. தனியார் பத்திரிகைக்கு ரோஸ்டர் சட்டமில்லை, தெரியும். சட்டமில்லாமலும் எண்ணலாம். அமெரிக்காவில் செய்தித்தாள் ஆசிரியர் சங்கம் 1978-ல் ஆசிரியர் குழுக்களில் கறுப்பர்களும் பிற சிறுபான்மையினரும் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கத் தொடங்கியது. 2000-க்குள் மக்கள்தொகை விகிதத்துக்குக் கொண்டுவருவோம் என்று இலக்கு வைத்தார்கள். எட்டவில்லை. ஆனால் எட்டவில்லை என்று அவர்களுடைய எண்ணே அவர்களைக் குத்திக்காட்டியது. இங்கே குத்திக்காட்ட எண்ணே கிடையாது.

‘சாதியை எழுதி வைத்தால் அதை வைத்தே ஒதுக்க மாட்டார்களா?’ என்று ஒரு தங்கை கேட்டாள், இதழியல் படிக்கிறவள். நியாயமான பயம். பதில் வடிவமைப்பிலேயே இருக்கிறது. விருப்பப்பட்டவர் சொன்னதைத் தனி அட்டவணையில் வை. மேலதிகாரிக்கு அதைத் திறக்க உரிமை கொடுக்காதே. கூட்டுத்தொகை மட்டும் வெளியே வரட்டும். ஒரு கிளை அலுவலகத்தில் ஒரே ஒருவர்தான் என்றால் அந்தக் கூட்டுத்தொகையே ஆளைக் காட்டிக்கொடுக்கும், ஆகவே சின்ன எண்களைச் சேர்த்துக் காட்டு. சம்பளத்தை இப்படிப் பூட்டி வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாதா?

செய்தி ஆவணக் காப்பகம் இன்னொரு மோசடி. ஒரு செய்திக்கு ஒரே ‘வகை’ என்று கட்டம் போடுகிறார்கள்: அரசியல், குற்றம், விளையாட்டு. 1997 ஜூன் 30-ல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களுமாக ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தனித்தொகுதியில் நின்று ஜெயித்ததற்காக. இது குற்றமா, தேர்தலா, உள்ளாட்சியா, வன்கொடுமையா? நான்கும். ஒற்றைக் கட்டத்தில் ‘குற்றம்’ என்று தள்ளினால், நாளைக்கு ஒரு மாணவர் ‘உள்ளாட்சி’ என்று தேடும்போது மேலவளவு வராது. வகைப் பட்டியலில் ‘வன்கொடுமை’ என்ற சொல்லே இல்லாமல் ‘கோஷ்டி மோதல்’ மட்டும் இருந்தால்? வெட்டியவனும் வெட்டுப்பட்டவனும் ஒரே வரியில் சமமாகப் படுத்துக்கிடப்பார்கள். ஒரு செய்திக்குப் பல வகை என்று இணைப்பு அட்டவணை போட அரை மணி நேரம் ஆகாது. விளம்பரத்துக்குப் போடுகிறார்களே!

அவர்களைத் திட்டியது போதும். இனி நம்மைத் திட்டிக்கொள்வோம்.

1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ தொடங்கினார். நாலு பக்கம், இரண்டணா. 400 பிரதி இரண்டே நாளில் விற்றதாகத் தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். விற்ற எண்ணிக்கையை நினைவில் வைத்து எழுதிய மனிதர் அவர். 1907 ஜூன் 19-ல் ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ கொண்டுவந்தார். கோலார் தங்கவயல் வரைக்கும் வாசகர் இருந்தார்கள். 1920 ஜனவரி 31-ல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைப் போட ‘கேசரி’ மறுத்தது. அயோத்திதாசரின் எழுத்து ஞான. அலாய்சியஸ் தொகுப்பாக 1999-ல்தான் நம் கைக்கு வந்தது. அவர் இறந்து 85 வருஷம் கழித்து! இடையில் நமக்குச் சரித்திரமே இல்லை என்று சொன்னார்கள், நாமும் நம்பினோம்.

இன்றைக்கு நம் சிற்றிதழ்களின் லட்சணம் என்ன? சந்தாதாரர் பட்டியல் ஒரு தோழரின் நோட்டில். அவர் கோபித்துக்கொண்டு போனால் நோட்டும் போச்சு, இதழும் போச்சு. யார் கட்டினார், யாருக்கு எந்த இதழ் போகவில்லை, ஒன்பதாம் இதழில் அந்தக் கட்டுரையை எழுதியது யார், ஒன்றும் தெரியாது. கேட்டால், ‘நாங்கள் வியாபாரிகள் இல்லை தோழர்’ என்று ஒரு வசனம். கணக்கு எழுதுவது கிளார்க் வேலை, கவிதை எழுதுவது புரட்சி வேலை என்று பிரிக்கிறீர்களே, இந்த மேல் கீழ் எங்கிருந்து வந்தது? நான் இரண்டும் செய்கிறவன். சொல்கிறேன், நம் இதழ்களைப் போலீஸைவிடக் கணக்கில்லாமைதான் அதிகம் கொன்றிருக்கிறது.

ஒன்பது அட்டவணை போதும். சந்தாதாரர், முகவரி, சந்தா, வரவு, இதழ், அனுப்பியது, படைப்பு, எழுதியவர், படைப்பையும் எழுதியவரையும் இணைப்பது. எஸ்.க்யூ.லைட் என்கிற மென்பொருளுக்குக் காசு இல்லை, மொத்தமும் ஒரே கோப்பில் அடங்கும். அதை மூன்று ஊரில் மூன்று பேரிடம் பிரதி எடுத்து வையுங்கள். வாசகரின் சாதியைக் கேட்காதீர்கள், நமக்கு அது தேவையில்லை. நம் இதழைச் சுமந்து போய்ப் போடுகிறவரின் பெயருக்கு மட்டும் மறக்காமல் இன்னொரு கட்டம் போடுங்கள்.

கம்ப்யூட்டர் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை. ஞாயிற்றுக்கிழமை பெருங்களத்தூரில் ரயிலிறங்கி வாருங்கள். என்னிடம் ஒரு சிற்றிதழின் பழைய நோட்டு மூன்று இருக்கிறது. பாதிப் பெயர் கரையான் தின்றது போக மீதியைப் பதிவேற்ற வேண்டும்.