கோழி வளர்ப்பது விளையாட்டா?

கல்யாணுக்கு அப்பால் டிட்வாலா, ஆசன்காவ், பத்லாபூர் பக்கம் இடம் வாங்கிக் குடியேறிய நம்மவர்கள் வீட்டுப் பின்புறத்தில் இப்போதெல்லாம் கோழிச் சத்தம் கேட்கிறது. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் பத்துக்குப் பத்து அறையில் காலம் தள்ளியவர்களுக்கு நாலு முழம் மண் கிடைத்ததும் முதல் ஆசை முருங்கை மரம். அடுத்த ஆசை கோழி. இதில் தவறு ஒன்றுமில்லை. வீட்டு முட்டை பிள்ளைகளுக்கு ஆகும். மிஞ்சியதை விற்றால் வீட்டுக்காரிக்குக் கைச்செலவுக்கு ஆகும்.

ஆனால் ஆசைப்பட்டு வாங்கியவர்களில் பலர் ஆறாம் மாதம் வெறுங்கூட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். "நம்ம ராசிக்குக் கோழி நிக்காது" என்று ராசியின் மேல் பழியைப் போடுகிறார்கள். கோழிக்கும் ராசிக்கும் என்ன சம்பந்தம்? வளர்ப்பு என்பது ஒரு பொறுப்பு என்று நினைக்காததுதான் காரணம் என்பது என் கருத்து. இதை விளக்கக் கோழியைப் பிடித்துத் தின்னும் ராஜாளியைத்தான் சாட்சிக்குக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

ராஜாளியைப் பழக்கி வேட்டையாடுவது வடநாட்டில் பெயர் பெற்ற பழைய கலை. நம்மோடு வேலை செய்யும் சர்தார்ஜிகள் வீட்டில் குரு கோவிந்த் சிங் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அவர் கையில் வெள்ளைப் பறவை ஒன்று அமர்ந்திருக்கும். அதுதான் 'பாஜ்'. பஞ்சாபின் மாநிலப் பறவையும் அதுவே. அக்பர் அரண்மனையில் இந்தப் பறவைகளுக்குத் தினம் எவ்வளவு இறைச்சி, ஒவ்வொன்றின் விலை என்ன என்று கணக்கு எழுதி வைத்தார்கள். அபுல் பசல் எழுதிய அயினி அக்பரியில் அது இருக்கிறது. குஜராத்தில் பவநகர் அரச குடும்பத்தைச் சேர்ந்த தர்மகுமார்சிங்ஜி இந்தக் கலையில் கைதேர்ந்தவர். 1955-ல் சௌராஷ்டிரப் பறவைகளைப் பற்றி நூல் எழுதியவரும் அவரே. பறவை பிடிப்பதில் வல்லவர்களான பீகாரின் மீர்ஷிகார் மக்கள், பிற்காலத்தில் நம்முடைய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தாருக்குப் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்ட உதவினார்கள். வேட்டைக்குப் பிடித்த கை, ஆராய்ச்சிக்குப் பிடித்தது.

இன்று இந்தியாவில் அந்த வேட்டை இல்லை. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டு ராஜாளி, வல்லூறு, பருந்து எதையும் பிடித்து வீட்டில் வைக்கக் கூடாது. சங்கராந்தி சமயத்தில் மாஞ்சா நூல் அறுத்துப் பருந்து விழுந்து கிடந்தாலும் வனத்துறைக்குத்தான் சொல்ல வேண்டும். வெளிநாடுகளில் கலை உயிரோடு இருக்கிறது. 2010-ல் யுனெஸ்கோ இதை மனித குலத்தின் பண்பாட்டுச் சொத்துப் பட்டியலில் சேர்த்தது. அப்போது 11 நாடுகள். 2021-ல் 24 நாடுகள்.

இந்த வேலை எவ்வளவு கடினம் தெரியுமா? பறவையைத் தினந்தோறும் தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும். பெரிய பைரிப் பறவைகூட ஒரு கிலோ அளவுதான் இருக்கும். ஆகவே கிராம் கணக்கு. கொஞ்சம் எடை கூடினால் பசியில்லாமல் மரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், கூப்பிட்டால் வராது. எடை இறங்கினால் சதை வற்றி நோய் வரும். தின்றதில் செரிக்காத இறகையும் மயிரையும் மறுநாள் காலை உருண்டையாகக் கக்கும். அதை வளர்ப்பவன் எடுத்துப் பார்க்க வேண்டும். எச்சத்தின் நிறம் பார்க்க வேண்டும். புதிதாகப் பிடித்த பறவையைக் கையில் ஏற்றிக்கொண்டு மணிக்கணக்கில், இரவிலும்கூட, நடக்க வேண்டும். மனிதன் முகத்தைப் பார்த்து மிரளாத வரைக்கும் நடை நிற்காது. இறகு உதிரும் மாதங்களில் வேட்டை கிடையாது. ஆனால் தீனி உண்டு, சுத்தம் உண்டு, காவல் உண்டு.

இவ்வளவு செய்தும் பறவைக்கு வளர்த்தவன் மேல் பாசம் என்று ஒன்று வருவதில்லை. தீனிக்காகத் திரும்பி வருகிறது. ஒரு நாள் வராமலே போய்விடும்.

ஆகவேதான் அமெரிக்காவில் இதற்குச் சட்டமே கடுமை. பரீட்சை எழுதி நூற்றுக்கு 80 வாங்க வேண்டும். பறவை இருக்கப்போகும் இடத்தை அதிகாரி வந்து பார்ப்பார். பிறகும் குறைந்தது இரண்டு வருடம் ஓர் அனுபவசாலியிடம் சீடனாக இருக்க வேண்டும். ஹாலந்து போலீசார் 2016-ல் ட்ரோன் என்னும் ஆளில்லாப் பறக்கும் கருவிகளைப் பிடிக்கக் கழுகுகளை வேலைக்கு வைத்தார்கள். 2017-ல் நிறுத்திவிட்டார்கள். செலவும் அதிகம், கழுகும் சொன்னபடி கேட்கவில்லை. நமது ராணுவமும் 2022 நவம்பரில் உத்தராகண்டில் அவுலி என்ற இடத்தில் 'அர்ஜுன்' என்ற பருந்தை இதே வேலைக்குப் பழக்கிக் காட்டியது. ஒரு அரசாங்கத்தின் போலீஸ் இலாகாவே தாக்குப்பிடிக்க முடியாத வேலை இது என்பதைக் கவனியுங்கள்.

இந்தக் கதையை எங்கள் பக்கத்து அக்கா ஒருவரிடம் சொன்னேன். நாங்குநேரிப் பக்கத்து மனுஷி. முப்பது வருடமாக இங்கே இருக்கிறார்.

"தம்பி, அதெல்லாம் ராசா வீட்டு வேலை. நமக்குக் கோழிதானே? நாலு அரிசியை எறிஞ்சா தின்னுட்டு அது பாட்டுக்குக் கெடக்கும்" என்றார்.

"சரி அக்கா, தீபாவளிக்கு ஊருக்குப் போகையிலே கூட்டை யாரு தொறப்பா?"

அக்கா பதில் சொல்லவில்லை. "டீ குடிக்கியா?" என்று உள்ளே போய்விட்டார்.

கோழி ராஜாளியைவிட நல்ல ஜென்மம். அந்தி சாய்ந்தால் தானே கூட்டுக்கு வந்துவிடும். அந்த ஒன்றினால்தான் நாம் ஏமாறுகிறோம். தானே வருகிறது, தானே மேய்கிறது, ஆகவே நம் வேலை ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். ஊரில் அப்படி விட்டால் நடந்தது. அங்கே கோழியைப் பார்க்க ஆச்சி இருந்தார், சித்தி இருந்தார். பஞ்சாரத்தைக் கவிழ்க்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளை இருந்தது. இங்கே புருஷன் ஷிப்டு, மனைவி வேலைக்குப் போகிறாள், பிள்ளைகள் டியூஷன். இருட்டிய பிறகு கூட்டுக் கதவைச் சாத்த ஆள் இல்லாத ஒரே ஒரு ராத்திரி போதும். பெருச்சாளியும் பூனையும் கீரியும் லீவு எடுப்பதில்லை.

ரிசர்வேஷன் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு 120 நாள் இருந்த முன்பதிவு, 2024 நவம்பர் முதல் 60 நாளாகிவிட்டது. அந்த 60-வது நாள் காலை எட்டு மணிக்குத் தவறாமல் கவுண்டரில் நிற்கும் நம்மவர், கோழிக்கு யார் பொறுப்பு என்று புறப்படுகிற அன்றுதான் யோசிக்கிறார். அடை வைத்தால் குஞ்சு பொரிக்க 21 நாள். இது பிரம்மா போட்ட டைம்டேபிள், மாறாது. டிக்கெட் எடுத்த அன்றே விரலை மடக்கி எண்ணினால், நீங்கள் ஊரில் இருக்கும்போது குஞ்சு வெளியே வரும்படி அடை வைக்க மாட்டீர்கள். முதல் வாரக் குஞ்சுக்குக் கிட்டத்தட்ட 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும். தாய்க்கோழி இருந்தால் அது பார்த்துக்கொள்ளும். கடையில் வாங்கிய குஞ்சுக்கு நீங்கள்தான் தாய்.

கடைக் குஞ்சு என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். ஸ்டேஷன் வாசலில் பச்சை, சிவப்பு, ஊதா என்று சாயம் ஏற்றிய குஞ்சுகளைக் கூடையில் வைத்து விற்கிறார்களே, அவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணையில் கழித்துவிட்ட சேவல் குஞ்சுகள். சேவல் முட்டையிடாது, அந்த ஜாதிக்குச் சதையும் பிடிக்காது. பண்ணைக்காரருக்கு அது தண்டச் சோறு. ஜெர்மனியில் இப்படிப்பட்ட குஞ்சுகளைக் கொல்லக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் தடை போட்டார்கள். மேல்நாட்டில் ராஜாளி வளர்ப்பவர்கள் இதே ஒருநாள் குஞ்சுகளைத்தான் ஐஸில் உறைய வைத்த பொட்டலமாக வாங்கித் தீனி போடுகிறார்கள். அதைக் கேட்டு "ஐயோ பாவம்" என்கிறோம். நாமோ பத்து இருபது ரூபாய்க்கு வாங்கிப் பிள்ளை கையில் பொம்மையாகக் கொடுக்கிறோம். இரண்டு நாள் குளிரில் விறைத்து அது சாகிறது. ராஜாளிக்காரன் கையில் குஞ்சின் சாவுக்கு ஒரு உபயோகமாவது இருந்தது. பிள்ளை அழுதாலும் சரி, அந்தக் கூடைப் பக்கம் போகாதீர்கள் என்பேன்.

நோய்க்கு வருவோம். கூட்டைக் காலி செய்வதில் பெரும் பங்கு வெள்ளைக் கழிச்சலுக்குத்தான். இங்கிலீஷில் அதற்கு ராணிகெத் என்று நம் நாட்டு ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள். 1920-களில் இமயமலை அடிவாரத்து ராணிகெத் பக்கம் கண்டது. பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், தலை திருகிக்கொள்ளும், ஒரே வாரத்தில் கூடு காலியாகும். வந்த பிறகு மருந்து கிடையாது. முன்கூட்டிப் போடும் தடுப்பு மருந்து மட்டும் உண்டு. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாம் வாரம் ஒரு ஊசி. மற்றவற்றைக் கால்நடை ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொள்ளலாம்.

"மருந்து எங்கே கிடைக்கிறது?" என்று கேட்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. குப்பி பெரும்பாலும் 100 கோழிக்கு, 200 கோழிக்கு என்றுதான் வருகிறது. குளிர் குறையாமல் கொண்டு வர வேண்டும். கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆறு கோழி வைத்திருப்பவன் மீதி 94 சொட்டை என்ன செய்வான்? பண்ணைக்காரனை மனதில் வைத்துச் செய்த மருந்து அது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டிலுள்ள கோழி முதலான வளர்ப்புப் பறவைகள் 85 கோடியே 18 லட்சம். அதில் வீட்டுப் புறக்கடையில் வளர்பவை மட்டும் 31 கோடியே 70 லட்சம். முந்தைய கணக்கைவிட நூற்றுக்கு 46 வீதம் கூடுதல். இத்தனை கோழிகள் ஏழை வீட்டில் இருக்கும்போது பத்துக் கோழிக்கு ஒரு குப்பி என்று எளிதாகக் கிடைக்கச் செய்ய முடியாதா? வனராஜா, கிரிராஜா என்று வீட்டு வளர்ப்புக்கென்றே கோழி ரகம் கண்டுபிடித்த அரசாங்க நிலையங்கள் இதையும் யோசிக்க வேண்டும். கோழியை இலவசமாகக் கொடுப்பதைவிட, இருக்கும் கோழியைச் சாகாமல் வைக்கும் வழிதான் எங்களுக்கு முதலில் வேண்டும்.

சீக்குக் கோழியை அவசரமாக அறுத்துக் குழம்பு வைப்பதும், சந்தையில் தள்ளிவிடுவதும் நம்மவர் சிலரிடம் உண்டு. அது பக்கத்துத் தெருவுக்கு நோயைப் பார்சல் செய்கிற வேலை. இந்தியாவில் முதன்முதலாகப் பறவைக் காய்ச்சல் கண்டது இந்த மகாராஷ்டிரத்தில்தான். 2006 பிப்ரவரியில், நந்துர்பார் மாவட்டம் நவாப்பூரில். சூரத் - புசாவல் பாதையில் போனவர்களுக்கு ஊர் தெரியும். ஸ்டேஷனில் பாதி மகாராஷ்டிரம், பாதி குஜராத். அன்று லட்சக்கணக்கில் பறவைகளைக் கொன்று புதைத்தார்கள். பண்ணைக் கோழி, வீட்டுக் கோழி என்று பார்க்கவில்லை. பண்ணைக்காரனாவது மறுபடி பேங்க்கில் கடன் வாங்கலாம். நாலு கோழிக்காரி யாரிடம் போவாள்? ஆகையால் நாலைந்து கோழி சேர்ந்தாற்போல் செத்தால் மறைக்காமல் கால்நடை ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிடுவதே நமக்கும் நல்லது.

சேவல் விஷயம் சுருக்கமாக. முட்டைக்குச் சேவல் தேவையில்லை. குஞ்சு வேண்டுமானால்தான் தேவை. இது தெரியாமல் குவார்ட்டர்ஸில் சேவல் கட்டி, ராத்திரி டூட்டி முடித்து வந்த மோட்டார்மேனின் தூக்கத்தைக் கெடுத்துச் சண்டை போலீஸ் வரை போனதும் உண்டு. குடியிருப்பிலும் சொசைட்டியிலும் கோழிக்கு அனுமதி உண்டா என்று முன்னாலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டீஸ் வந்த பிறகு கோழியைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது?

இதையெல்லாம் படித்து "அப்படியானால் கோழியே வேண்டாம்" என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்கு அதுவே சரி. முட்டை கடையில் கிடைக்கிறது. வேண்டும் என்பவர்கள் தனியாகச் செய்யாமல் சேர்ந்து செய்யலாம். டிட்வாலாவில் ஒரு தெருவில் ஏழு வீட்டார் அப்படித்தான் செய்கிறார்கள். யார் ஊருக்குப் போனாலும் கூட்டுச் சாவி அடுத்த வீட்டில் இருக்கும். அந்த நாட்களின் முட்டை பார்த்துக்கொண்டவருக்கு. எல்லோரும் ஒரே வாரத்தில் குஞ்சு இறக்குகிறார்கள், ஒரே ஞாயிற்றுக்கிழமை தடுப்பு மருந்து. போன தடவை ஒரு குப்பியில் ஏழு வீட்டுக் கோழிக்கும் போட்டு, கீழ்த்தெருக்காரர்களுக்கும் கொஞ்சம் கொடுத்தார்களாம். அடுத்த தடவை ஐஸ் போட்ட தூக்குவாளியில் மருந்து கொண்டுவரும் முறை ஆறாம் வீட்டு மராத்தி அம்மாளுடையது. அவர் மகன் பூனாவிலிருந்து வருகிற ஞாயிறு என்பதால், தேதியை ஒரு வாரம் தள்ளி வைத்திருக்கிறார்கள்.