சுவாமி தூங்கினாலும் ஊர் தூங்காது!

லண்டனில் பிக்காடில்லி என்பார்கள். நியூயார்க்கில் பிராட்வே என்பார்கள். சனிக்கிழமை ராத்திரி என்றால் அங்கே ஒரே ஜகஜ்ஜோதி! ஆனால் பையில் கனம் இல்லாதவனுக்கு அங்கே வேலை இல்லை. நம் மதுரைக்கும் 'தூங்கா நகரம்' என்றுதான் பெயர். இங்கே விஷயமே வேறு.

சமயநல்லூரில் ஒன்பதரை மணிக்கெல்லாம் தெரு அடங்கிவிடும். திண்டுக்கல் சாலையோடு தெற்கே போனால் சற்று நேரத்தில் மதுரை. ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் மீனாட்சியம்மன் கோயிலில் சொக்கநாதர் பல்லக்கில் பள்ளியறைக்கு எழுந்தருளுகிறார். சுவாமி தூங்கப் போய்விடுகிறார், ஊர் போவதில்லை!

இது நேற்று வந்த பழக்கமா? இல்லை. பகல் கடைத்தெருவுக்கு நாளங்காடி, இரவுக் கடைத்தெருவுக்கு அல்லங்காடி என்று 'மதுரைக்காஞ்சி'யிலேயே மாங்குடி மருதனார் பிரித்துப் பாடிவிட்டார்.

நம் தாத்தா, அப்பா காலத்தில் ராத்திரியை ஆண்டது சினிமா. 1937-ல் வெளிவந்த 'சிந்தாமணி' படம் கொட்டிய லாபத்தில், அதே பெயரில் ஒரு கொட்டகையே எழுந்த ஊர் இது. 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யோடு திறந்த தங்கம் தியேட்டரில் 2,500-க்கு மேல் இருக்கைகள்! இரண்டாவது ஆட்டம் விட்டு, நள்ளிரவு தாண்டி அத்தனை பேரும் தெருவில் இறங்கினால் எப்படி இருக்கும்? சுற்றுப்பட்டுக் கிராமத்திலிருந்து வந்தவனுக்கு வீடு திரும்ப வண்டி ஏது? விடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். வயிறு சும்மா இருக்குமா? சுடச்சுட இட்லி, பரோட்டாவுக்குச் சால்னா, பருத்திப்பால் என்று தெருவோரக் கடைகள் தழைத்ததில் இந்தப் பசிக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்று தங்கமும் இல்லை, சிந்தாமணியும் இல்லை. இரண்டு இடத்திலும் ஜவுளிக்கடை வந்துவிட்டது. ஆனால் அடுப்பு மட்டும் அணையவில்லை. ஏன்?

மாட்டுத்தாவணிக்குப் போய்ப் பாருங்கள். இருட்டோடு பறித்த மல்லிகை மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற அதே மதுரை மல்லிதான். காய்கறி லாரியில் சுமை இறக்குகிறவர், கடைசிப் பஸ்ஸைத் தவற விட்ட குடும்பம், ராஜாஜி மருத்துவமனை வாசலில் நோயாளிக்குத் துணையாக வந்து கண்விழிக்கும் அம்மா – இவர்களும்தான் இரவு ஜனங்கள். ஜிகர்தண்டா குடிக்கக் காரில் வருகிறவர்களுக்கு இது பொழுதுபோக்கு. இவர்களுக்கோ சாப்பாட்டு வேளை.

கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-ல் தமிழக அரசு உத்தரவு போட்டது. 2022-ல் அதை நீட்டித்தது. நல்ல காரியம். ஊழியருக்கு வார விடுமுறை, இரவில் வேலை செய்யும் பெண்ணுக்குப் போக்குவரத்து வசதி என்று நிபந்தனைகளும் வைத்தது. ஆனால் உத்தரவு யாருக்கு? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளுக்கு! மருமகளை மாவு ஊற்றச் சொல்லிவிட்டுத் தான் சட்னி அரைக்கும் இட்லிக்கார அம்மாள் பத்துப் பேருக்கு எங்கே போவாள்? லத்தியைத் தட்டிக்கொண்டு ஒரு காவலர் வந்துவிட்டால், கொதிக்கும் கொப்பரையை இறக்கி வைக்க வேண்டியவள் அவள்தான்.

பெரிய கடைக்குக் கொடுத்த தைரியத்தை இந்தச் சின்ன அடுப்புக்கும் கொடுத்தால் என்ன? பத்து ஆள் வேண்டாம். ஒரு விளக்கு, ஒரு தண்ணீர்க் குழாய், அவசரத்துக்கு ஒதுங்க ஒரு கழிப்பறை, கையில் ஒரு அனுமதிச் சீட்டு – இவ்வளவு போதும். தூங்கா நகரம் என்று பெருமை பேசுகிறோமே, அந்தப் பெருமைக்காகக் கண்விழிப்பது அவள் அல்லவா?

அடுத்த சனிக்கிழமை மதுரைப் பக்கம் போனால், பெரிய ஓட்டலில் பில்லோடு 'டிப்ஸ்' வைக்கும் ஐயாமார்களே, அந்த அம்மாளிடம் மட்டும் சட்னிக்குப் பேரம் பேசாதீர்கள்!