குடிமனையை யாரிடம் கேட்கிறார்கள்?

விருதுநகர் ஜில்லாவில் ஒரு புலம்பல் அடிக்கடி காதில் விழுகிறது. கரிசல் காட்டில் மழையில்லை, விளைச்சலில்லை. நல்ல விலை தருகிறோம் என்றாலும் இந்த ஜனங்கள் பாட்டன் காலத்து ஓட்டு வீட்டைப் பிடித்துக்கொண்டு அசைய மறுக்கிறார்கள் என்று நிலத் தரகர்கள் சலித்துக்கொள்கிறார்கள். சில அதிகாரிகளும் அதற்கு ஒத்து ஊதுகிறார்கள். பட்டிக்காட்டு அறியாமையாம்! மண்மீது மூடப் பாசமாம்!

அறியாமை யாருக்கு? உழைப்பாளி தன் அனுபவத்தைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். தரகர் அந்தக் கணக்கைப் பார்த்ததில்லை.

இந்தப் பேச்சு எழுவதற்குக் காரணம் உண்டு. இந்த ஜில்லாவின் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பெரிய ஜவுளிப் பூங்கா அமையும் என்று 2023 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. அந்த நிலம் முன்னமே சிப்காட் வசம் இருந்தது. ஆனால் பூங்கா வந்தால் சாலை வரும், கிடங்கு வரும், சுற்றுவட்டார மனைகளின்மேல் பலருடைய கண்ணும் விழும். ஆலை வருவதை நாம் எதிர்க்கவில்லை. பட்டாசையும் தீப்பெட்டியையும் விட்டால் வேறு பிழைப்பு வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களே நாம்தான். ஆனால் இடம் கேட்டு வருகிற எவரும் முதலில் பதில் சொல்லவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வீட்டைக் கொடுத்தவன், நாளைக்கு வேலையும் போய்விட்டால் எங்கே போய்ப் படுப்பான்?

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கத்துக் கிராமங்களைப் பாருங்கள். புஞ்சையை விற்றவர்கள் ஏராளம். மகள் கல்யாணத்துக்கு விற்றார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு விற்றார்கள். பட்டாசு ஆபீஸ் கட்ட வந்தவரிடம் விற்றார்கள். சீமைக்கருவேல் மண்டிய காட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆனால் குடியிருக்கும் மனையை விற்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதிகாலையில் தூக்குவாளியுடன் ஆபீஸ் வேனில் ஏறுகிற பெண், பொழுது சாய்ந்ததும் அந்த வீட்டுக்குத்தான் திரும்புகிறாள். தீபாவளி முடிந்தால் வேலை நிற்கும். மழை பெய்தால் அன்றைய கூலி இல்லை.

2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட், பேரியம் உப்புக்குத் தடை விதித்து, பசுமைப் பட்டாசு மட்டுமே செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே முதலாளிகள் கதவை இழுத்து மூடினார்கள்; மாதக்கணக்கில் திறக்கவில்லை. வாடகை வீட்டில் இருந்தவனிடம் மாதம் பிறந்ததும் வீட்டுக்காரர் வந்து நின்றார். சொந்தக் குடிசை உள்ளவன் கடன் வாங்கிக் கஞ்சி குடித்தான். ஆனால் கூரைக்காக எவன் முன்னும் தலைகுனியவில்லை. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டி வெடிவிபத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். 2021 பிப்ரவரியில் அச்சன்குளத்தில் மறுபடியும் உடல்கள் கருகின. நஷ்டஈடு வந்து சேரும்வரை அப்படிப்பட்ட குடும்பங்களைத் தாங்கி நிற்பது அந்தக் கூரையும், பக்கத்து வீட்டுக்காரர்கள் கொடுக்கும் உப்பும் அரிசியும்தான்.

பஞ்சாலைத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மில் கொடுத்த வீட்டில் குடியிருந்தவனுக்கு வேலை போன அன்றே வீடும் போனதை அவர்கள் கண்டிருக்கிறார்கள். ஓய்வூதியமாவது உண்டா? வைப்புநிதித் திட்டத்தில் 2014-இல் நிர்ணயித்த குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். அதை வைத்துக்கொண்டு விருதுநகரில் ஓர் அறைக்கு வாடகை கொடுத்துவிட்டு மிச்சத்தில் சாப்பிட முடியுமா என்று, மூடப் பாசம் பற்றிப் பேசுகிறவர்கள் கணக்குப் போட்டுச் சொல்லட்டும்!

இது கரிசல் பூமியில் மட்டும் உள்ள பிடிவாதமல்ல. சீனத்தில் கோடிக்கணக்கான விவசாயிகள் நகரத்து ஆலைகளுக்குப் போனார்கள். ஊரிலுள்ள குடிமனையை விடவில்லை. 2008-இல் உலக முதலாளித்துவ நெருக்கடி வெடித்தபோது சுமார் 2 கோடிப் பேர் வேலையிழந்து ஊர் திரும்பியதாக அந்நாட்டு அரசே 2009-இல் கணக்குச் சொன்னது. திரும்புவதற்கு ஒரு வீடு இருந்தது. மனையை விட்டுக்கொடுக்க விரும்புகிறவர்களுக்காகச் சோங்சிங் நகரில் 2008 முதல் ‘நிலச்சீட்டு’ ஏற்பாடு வந்தது. நகரில் குடியேறியவர்கள் தாமே விரும்பினால் ஈடு பெற்றுக்கொண்டு மனையை விடலாம் என்று 2019-இல் சட்டமும் திருத்தினார்கள். அங்கே கண்ட அனுபவம் என்ன? நகரில் நிரந்தர வேலையும், முதுமைக்கு ஓய்வூதியமும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் கிடைத்தவன் துணிந்து விடுகிறான். கிடைக்காதவன், வீடு பூட்டிக் கிடந்தாலும் விடமாட்டேன் என்கிறான். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது நம் நாட்டில் நெடுஞ்சாலைகளில் நடந்தவர்கள் எங்கே நடந்தார்கள்? ஊரில் இருந்த அந்த வீட்டை நோக்கித்தானே!

விலையைக் கூட்டினால் சம்மதம் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். விலையிலேயே ஒரு சூது இருக்கிறது. பத்திரச் செலவுக்குப் பயந்து கிராமத்தில் குறைத்து எழுதிய தொகையும், சர்க்காரின் வழிகாட்டி மதிப்பும்தான் ஈட்டுத்தொகைக்கு அளவுகோலாகின்றன. 2013-ஆம் வருடச் சட்டப்படி அதன்மேல் பெருக்கினாலும், நூற்றுக்கு நூறு ஆறுதல் தொகை சேர்த்தாலும், அந்தப் பணத்துக்கு டவுனில் அதேயளவு மனை கிடைப்பதில்லை. காஞ்சிபுரம் ஜில்லா ஏகனாபுரத்தைப் பாருங்கள். பரந்தூர் விமான நிலையத்துக்காக ஊரையே கேட்கிறார்கள். 2022 முதல் அந்த மக்கள் கிராம சபையில் திரும்பத் திரும்ப எதிர்ப்புத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். விலை பேசவா போட்டார்கள்?

சரி, சம்மதம் என்கிறார்களே, அதை யாரிடம் கேட்கிறார்கள்? பட்டாதாரரிடம். பட்டா பெரும்பாலும் ஆண் பெயரில். அல்லது செத்துப்போன பாட்டன் பெயரில், அண்ணன் தம்பி நால்வருக்கும் பொதுவாக. ஒருவன் கையெழுத்துப் போட்டால் மற்ற மூவரும் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். பிள்ளையைப் பக்கத்து வீட்டுக் கிழவியிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவளை, வாசலில் இரண்டு ஆடு கட்டி வளர்க்கிறவளை, யாரும் கேட்பதில்லை. புது இடத்தில் அந்தக் கிழவி இருப்பாளா? ஆடு கட்ட வாசல் இருக்குமா? சேரியிலும் காலனியிலும் வாழ்கிற நம் தோழர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. டவுனில் வாடகை வீடு கேட்டுப் போனால், முன்பணம் எவ்வளவு என்பதற்கு முன்னால் சாதி என்ன என்றல்லவா கேட்கிறார்கள்!

பட்டாவே இல்லாதவனிடம் சம்மதம் கேட்கும் வழக்கம் கிடையாது. புறம்போக்கில் மூன்று தலைமுறை குடியிருந்தாலும் அவனுக்கு வருவது நோட்டீஸ்தான். தஞ்சையில் கூலி கேட்டவனை, குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று மிராசுதார்கள் மிரட்டிய காலம் இருந்தது. விவசாயத் தொழிலாளர்கள் செங்கொடியின் கீழ் ரத்தம் சிந்திப் போராடிய பிறகுதான் 1971-இல் குடியிருப்பு மனையை உரிமையாக்கும் சட்டம் வந்தது. மனை தன்னுடையதான பிறகே அவன் கூலிக்காக நிமிர்ந்து நின்றான். இதை மறந்துவிட்டு மனை விஷயத்தை வெறும் விலை விஷயமாகப் பார்ப்பது தவறு.

2013-ஆம் வருடச் சட்டம், மூன்று வருடம் அங்கே வாழ்ந்து பிழைத்த விவசாயத் தொழிலாளிக் குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகக் கணக்கில் எடுத்தது. சமூகத் தாக்க ஆய்வு வேண்டும் என்றது. ஆனால் தமிழ்நாட்டில் 1997-ஆம் வருடத் தொழில் நோக்க நில எடுப்புச் சட்டம் போன்றவற்றுக்கு 2014-இல் விலக்குக் கொடுத்துவிட்டார்கள். சென்னை ஹைகோர்ட் 2019-இல் அது செல்லாது என்றதும், அதே வருடம் புதுச் சட்டம் போட்டு அவற்றுக்கு உயிர் கொடுத்தார்கள். 2021-இல் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஏற்றுக்கொண்டது. ஆய்வும் இல்லை, கேள்வியும் இல்லை. ஈட்டுத்தொகை உண்டு! மாறி மாறி வந்த ஆட்சிகள் எதுவும் இந்த விலக்கைக் கைவிடவில்லை.

எனவே நாம் கேட்பது இதுதான். முதலில் குடியிருப்போர் அனைவருக்கும், புறம்போக்கில் இருப்போருக்கும், கணவன் மனைவி இருவர் பெயரிலும் பட்டா கொடு. பிறகு வந்து கேள். கேட்கும்போது குடும்பத்தில் ஒருவருக்கு நிரந்தர வேலைக்கான உத்தரவைக் கையில் கொண்டு வா; கான்டிராக்டர் சீட்டு வேண்டாம். மாற்று மனையும் வீடும் கட்டி முடித்த பிறகு பழைய வீட்டில் கை வை. தெருவைத் தெருவாகவே குடியேற்று.

வரும் கிராம சபையில் இவற்றைத் தீர்மானமாக வையுங்கள். அதற்கு முன் வீட்டுப் பெட்டியைத் திறந்து, மனை யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பாட்டன் பெயரிலோ கூட்டுப் பட்டாவிலோ இருந்தால், அல்லது காகிதமே இல்லாவிட்டால், தாலுகா ஆபீசுக்கு மனு எழுதச் சங்க ஆபீசுக்கு வாருங்கள். இரவு வேலை முடிந்து வருகிற தோழர்களுக்காகக் காலையிலும் ஆபீஸ் திறந்திருக்கும்.